புகைப்படத்தைச் செதுக்குச் சித்திரமாக்கும் முறை



நமது கடைக்கு ஐம்பது ஆண்டு நிறைவதை முன்னிட்டு, அதைத் தொடங்கிய மர்ஹூம் வாப்பா அவர்களின் படத்தைப் பற்றுச்சீட்டின் தலைப்பில் அச்சிட விரும்பினோம். நம்மிடம் இருந்தது ஒரே படம், பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. அதைக் கல்லாவிலுள்ள மிஷினில் ஏற்றினோம். வெளிவந்ததோ கரி பூசியது போன்ற ஒரு வட்டம். வாடிக்கையாளர் ஒருவர், "இது யார்?" என்று கேட்டார். நம் மனம் நொந்தது.

பிறகு கைப்பேசியில் ஒரு நொடியில் சித்திரம் வரைந்து தரும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தோம். அழகான படம் வந்தது. ஆனால் அது வாப்பா அல்ல! கன்னத்து மச்சம் போயிற்று. மூக்கு வேறு யாருடையதோ. இல்லாத முகத்தை வரைந்து வாப்பா என்று மாட்டி வைப்பது பொய்ச் சரக்கை விற்பதற்கு ஒப்பாகும் என்று விட்டுவிட்டோம். ஆகவே பொறுமையாகக் கற்றுக்கொண்ட வழியை இங்கே பாடமாகத் தருகிறோம்.

முதலில் காரணத்தை அறிய வேண்டும். புகைப்படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல சாம்பல் நிறங்கள் உண்டு. பில் மிஷினோ வெப்பத்தால் கறுப்புப் புள்ளி வைக்கும், அல்லது வெறுமே விடும். சாம்பல் நிறம் அதற்குத் தெரியாது. ரப்பர் முத்திரையும் அப்படியே. எனவே சாம்பலைக் கோடாக மாற்ற வேண்டும். இருட்டில் கோடு தடிக்கவும் வெளிச்சத்தில் மெலியவும் செய்தால், கண் அதைச் சாம்பலாகவே காணும்.

இவ்வித்தை புதிதன்று. செம்புத் தகட்டில் உளியால் கோடு கீறி, அதில் மை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தும் தொழில் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. மலேசிய நோட்டிலுள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் முகத்தையோ, சிங்கப்பூர் நோட்டிலுள்ள யூசோஃப் பின் இஷாக் அவர்களின் முகத்தையோ பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரியும். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையும் 1979 முதல், கெவின் ஸ்ப்ரௌல்ஸ் என்ற ஓவியரின் பாணியில், புள்ளியாலும் கோட்டாலும் ஆன முகப்படங்களை வெளியிட்டது.

இனி செய்முறை. கம்ப்யூட்டரில் கிம்ப் என்னும் மென்பொருள் போதும். அதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

1. படத்தை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்க. அசலைத் தொடாதீர்கள்.

2. முகத்துக்குப் பின்னால் உள்ளதை அழித்து வெள்ளையாக்குக. பின் 'இமேஜ்', 'மோட்', 'கிரேஸ்கேல்' என்று சென்று நிறத்தை நீக்குக.

3. 'கலர்ஸ்' பகுதியிலுள்ள 'லெவல்ஸ்' கொண்டு நெற்றியும் கன்னமும் வெளிச்சமாகவும், முடியும் தாடியும் இருளாகவும் பிரியும்படி செய்க. இதில் அவசரப்பட்டால் பின்னால் வருவதெல்லாம் வீண்.

4. அச்சிடப் போகும் அளவை இப்போதே தீர்மானிக்க வேண்டும். புத்தகத்தில் 2 அங்குல அகலம் என்றால், 600 டி.பி.ஐ.க்கு 1200 புள்ளி. சாதாரண பில் மிஷினில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஆகவே 30 மில்லிமீட்டர் படத்துக்கு 240 புள்ளி.

5. 'ஃபில்டர்ஸ்', 'டிஸ்டார்ட்ஸ்', 'என்கிரேவ்' என்று செல்க. 'ரோ ஹைட்' என்பது ஒவ்வொரு வரியின் உயரம். 1200 புள்ளிப் படத்துக்கு 10 வைத்துப் பார்க்கலாம். 240 புள்ளிக்கு 5. உயரத்தைக் கூட்டினால் நிழல் வகை கூடும், நுட்பம் குறையும். குறைத்தால் நுட்பம் கூடும், நிழல் வகை குறையும். தராசைப் போல இரண்டையும் சமன் செய்ய வேண்டும்.

6. இருட்டில் குறுக்குக் கோடும் வேண்டுமானால், மூன்றாம் படியில் கிடைத்த படத்தை இன்னொரு 'லேயர்' ஆக எடுத்து, இருண்ட பாகம் மட்டும் மிஞ்சும்படி வெளுக்க வைத்து, 45 பாகை திருப்பி, என்கிரேவ் செய்து, பழையபடி திருப்புக. மேலே வைத்து 'மல்டிப்ளை' முறையில் சேர்க்கவும். கடைசியில் 'திரெஷோல்ட்' கொடுத்தால் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே நிற்கும்.

7. கண்மணியில் வெள்ளைக் கோடு ஓடினால் பிரஷ் கொண்டு அடைக்கலாம். அதற்கு மேல் முகத்தைத் திருத்த வேண்டாம்.

8. பி.என்.ஜி. கோப்பாகச் சேமிக்கவும். ஜேபெக் கோட்டின் ஓரத்தைக் கலக்கிவிடும். பிறகு படத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ கூடாது. கோடுகள் சிதைந்து பட்டை பட்டையாகத் தெரியும். வேறு அளவு வேண்டுமானால் நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்குக.

இவ்வாறு செய்ததும் பற்றுச்சீட்டில் வாப்பா தெளிவாக வந்தார், மச்சமும் இருந்தது. வாப்பா காலத்திலிருந்தே நம் கடையில் அரிசி வாங்கும் பெரியவர் ஒருவர் அதைக் கண்டு கண் கலங்கினார். சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "தம்பி, படம் அச்சாக அவரேதான். ஆனால் இந்தச் சீட்டைக் கசக்கிக் குப்பையில் போடுவோமே, அவர் முகத்தையுமா போடச் சொல்கிறீர்கள்?"

நமக்குப் பதில் வரவில்லை. அன்று மாலையே சீட்டிலிருந்து படத்தை எடுத்துவிட்டோம். கடை வரலாற்றைக் கூறும் சிறு புத்தகத்தின் முதல் பக்கத்தில் அது இன்ஷா அல்லாஹ் இடம் பெறும். வெப்பத் தாளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். நல்ல தாளில் அச்சிட்டது பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

படம் செய்யும் முறையை எழுதிவிட்டோம். அதை எங்கே வைப்பது என்பதை, சகோதரர்களே, செய்யும் முன்பே யோசித்துக் கொள்ளுங்கள்.