குப்பையும் எருவும்

குப்பை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நாம் முகத்தைச் சுளிக்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்கு இத்தகைய இழிவு இல்லை. குவியல் என்பதே அதன் பொருள். களத்தில் குவித்த நெல்லும் குப்பை எனப்பட்டது. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்னும் பேரூர் இன்றும் உள்ளது. உழவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்த குப்பைக்குழியே எருக்குழியும் ஆகும். சாணமும் சாம்பலும் சருகும் அதில் சேர்ந்து மட்கின. கோடையில் அவ்வெரு வண்டி வண்டியாக வயலுக்குச் சென்றது.

அந்நாளைய வீட்டில் எறிவதற்கு அதிகம் இல்லை. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டியில் சேர்ந்து மாட்டுக்கு உணவாயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்பட்டது. கிழிந்த சேலை முதலில் குழந்தைக்குத் தூளியாயிற்று. பின்னர் அடுப்பங்கரையில் சட்டி இறக்கும் துணியாயிற்று. இதனால் நம் முன்னோர் எல்லாரும் சிக்கனத்தில் சிறந்தோர் என்று எண்ணிவிட வேண்டா. அவர்கள் வீட்டுக்குள் வந்த பொருள்களே சில. அவற்றுள்ளும் பெரும்பாலானவை மண்ணில் மட்கும் இயல்புடையவை.

இன்று நெகிழி உறையின்றி ஒரு பிடி கடுகும் வீட்டிற்கு வருவது அரிது. பொருள் பெருகியது ஒரு குறை. அவற்றைக் கலந்து எறிவது அதனினும் பெருங்குறை. எண்ணிப் பாருங்கள். வாழைப்பழத் தோல் தனியே இருந்தால் எருவாகும். பழைய செய்தித்தாள் தனியே இருந்தால் மீண்டும் தாளாகும். கண்ணாடிப் புட்டியைப் பழைய பொருள் வாங்குவோர் விலை கொடுத்து எடுத்துச் செல்வர். இம்மூன்றையும் ஒரே பையில் இட்டு, அவற்றின்மேல் எஞ்சிய குழம்பையும் ஊற்றிவிட்டால், ஒன்றும் எவருக்கும் உதவாது. கலக்கும் அந்த நொடியில்தான் பொருள் குப்பையாகிறது.

அவ்வாறு கலந்த பை எங்கே செல்கிறது? சென்னை மாநகரில் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பை சேர்கிறது. பல்லாண்டுகளாக அது வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் மேடுமேடாகக் கொட்டப்பட்டு வந்தது. பெருங்குடிக் குப்பை மேடு, பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. ஈரக் கழிவு காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவளி தோன்றும். அது தீயை எளிதில் பற்றச் செய்யும். பற்றிய தீயை அணைப்பதும் கடினம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெருங்குடி மேடு நாள் கணக்கில் எரிந்து புகைந்தது. பழைய குவியலைத் தோண்டிச் சலித்து, மண் வேறு, நெகிழி வேறு, கல் வேறு எனப் பெரும் பொருட்செலவில் பிரிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் அரை நிமிடத்தில் முடியக்கூடிய வேலை அது!

அரசும் வாளா இருக்கவில்லை. குப்பையை வீட்டிலேயே வகை பிரித்துத் தருமாறு நடுவண் அரசு 2016இல் விதி வகுத்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றைத் தமிழ்நாடு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிற்று. ஆயினும் விதி சமையலறைக்குள் வந்து தோலையும் தாளையும் பிரிக்காது. அதனை வீட்டாரே செய்தாக வேண்டும்.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, மட்கும் கழிவு. அதனை எருவாக்க நிலபுலம் வேண்டுவதில்லை. மாடியில் ஒரு மூலை போதும். பக்கங்களில் துளையிட்ட அகன்ற மண்தொட்டி ஒன்றை எடுத்து, அடியில் தேங்காய் நாரையோ காய்ந்த சருகையோ பரப்ப வேண்டும். அன்றாடம் சேரும் காய்கறித் தோல்களைச் சிறிதாக நறுக்கி இட்டு, அதனினும் இருமடங்கு சருகால் மூட வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கோலால் கிளறிவிட்டால் உள்ளே காற்றுப் புகும். நடுவே கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்கின்றன. நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அறிந்து சருகைக் கூட்டுக. எறும்பு மொய்த்தால் நீர் தெளிக்க. மீனும் இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் இதில் இடலாகாது. இரண்டு மூன்று திங்களில் மழை நனைத்த மண்ணின் மணத்தோடு கரிய எரு கிடைக்கும். ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ தோலும் தழையும் சேர்வதாகக் கொண்டால், ஆண்டிற்கு 365 கிலோ அவ்வீட்டு வாயிலைத் தாண்டாது.

தோலைத் தவிர்க்க இயலாது. எஞ்சிய சோற்றைத் தவிர்க்கலாம். 2022இல் உலகில் வீணான உணவு நூறு கோடி டன்னுக்கும் மேல் என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அளந்து உலை வைப்பதும், எஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் பழையதாக உண்பதும் நம் பாட்டியர் அறிந்த வழக்கங்களே.

எல்லாம் செய்தபின்னும் சிறிது குப்பை எஞ்சும். அதனை வாங்கிச் செல்லத் தூய்மைப் பணியாளர் வண்டியுடன் வருகிறார். நாம் கலந்து கட்டிய பையைப் பிரிப்பது அவருடைய கை. கையுறை அணிந்திருந்தாலும் கண்ணாடிச் சில்லு அதனைக் கிழித்துவிடும். அக்காயத்தில் அழுகிய நீர் பட்டால் புண் எளிதில் ஆறாது. ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலியும் போகலாம். ஆதலின் உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதித் தனியே தருதல் வேண்டும். சவர அலகுகளையும் ஊசிகளையும் மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்தபின் இன்னது என்று சொல்லியே அவரிடம் கொடுத்தல் வேண்டும்.