தவக்கால நற்செய்தி: தினமும் பத்து நிமிடம்

• திருநீற்றுப் புதனன்று மத்தேயு 6-ஆம் அதிகாரம். தர்மம், ஜெபம், நோன்பு மூன்றையும் பிறர் பார்க்கச் செய்யாதீர்கள் என்கிறது. நாற்பது நாளுக்கும் அதுவே அளவுகோல்.

• அன்றைய வாசகத்தை முந்தின இரவே படித்துவிடுங்கள். காலையில் வாய்விட்டு மறுபடி படித்தால், விட்டுப்போன வரி கண்ணில் படும்.

• ஊதாரி மகன் கதையில் (லூக்கா 15) நீங்கள் யார்? திரும்பி வந்த தம்பியா, வாசலிலேயே நின்ற அண்ணனா?

• சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் பகுதிகள் (யோவான் 4, 9, 11) நீளமானவை. வாரம் முழுக்கப் பிரித்துப் படியுங்கள்.

• முதல் வாரத் திங்களன்று, நோயுற்றவரைப் பார்ப்பது பற்றியும் பேசும் மத்தேயு 25 வரும். படித்த கையோடு, படுத்திருக்கும் நோயாளி ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

• நோன்பில் மிச்சமான காசை உண்டியலில் சேர்த்து, ஈஸ்டருக்கு முன்பே இல்லாதவருக்குக் கொடுத்துவிடுங்கள்.