கால் காய்ப்பா? பிளேட்டை எடுக்காதீர்கள்

முல்லைத்தீவு நாயாற்றில் கரைவலை இழுப்பவர்களுக்குக் குதியிலும் பெருவிரலடியிலும் தோல் தடித்துக் காய்த்துப்போவது புதிதல்ல. வெறுங்காலோடு மணலில் நிற்பவருக்கு அந்தக் காய்ப்பு ஓரளவு காவல்தான். நோகாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

நொந்தால், இரவில் சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் 10 நிமிடம் காலை ஊறவிடுங்கள். தோல் இளகியதும் கால் தேய்க்கும் கல்லால் மெல்ல உரசுங்கள். முழுவதையும் ஒரே நாளில் எடுக்கப் பார்க்க வேண்டாம், சிவந்தால் நிறுத்துங்கள். ஈரத்தை ஒற்றிவிட்டு யூரியா கிரீமோ வசலினோ பூசலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம்.

பிளேட்டால் சீவுவதும் எருக்கம்பால் விடுவதும் இன்னும் சிலருக்குப் பழக்கம். எருக்கம்பால் நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கும். பாமசியில் வாங்கும் சாலிசிலிக் அமிலப் பிளாஸ்டரைக்கூடக் காய்ப்பின் அளவுக்கே வெட்டி ஒட்ட வேண்டும்.

நீரிழிவுக்காரர் இதில் எதையும் தாமாகச் செய்யக்கூடாது. கால் மரத்திருந்தால் சூடும் தெரியாது, வெட்டும் தெரியாது. கிளினிக்குக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டுங்கள். காய்ப்புக்குள் கருமை தெரிந்தாலோ நீர் கசிந்தாலோ அதுவரை காத்திராமல் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.