அணியில் சேர்ப்போம்; அணியில் நிலைக்கச் செய்வோம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உடல்நலம் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி என்னும் சித்திரம் அதில் நிலைக்கும் என்று ஆண்டு விழா மேடைகளில் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். ஆயினும் மேடைக்கும் மைதானத்திற்கும் இடையே தூரம் அதிகம்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் கைப்பந்து, கோ-கோ, எறிபந்து அணிகளுக்குப் பெயர் கொடுக்க மாணவியர் முண்டியடித்துக்கொண்டு வருகின்றனர். ஆறாம், ஏழாம் வகுப்பினரே மைதானத்தை நிறைத்துவிடுகின்றனர். இவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது எத்தனை பேர் மீந்திருக்கின்றனர்? பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 85 பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் எட்டாதவர்கள் நூற்றுக்கு 78 பேர். இரு பாலாரும் பின்தங்கியே இருக்கின்றனர். பெண்கள் இன்னும் பின்தங்கியிருக்கின்றனர்.

விலகுவது ஏன்?

விலகும் மாணவியைக் கேட்டால், "படிப்பு இருக்கிறது, டீச்சர்" என்பாள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அன்று. அந்த ஒரு விடைக்குப் பின்னால் வேறு பல காரணங்கள் மறைந்திருக்கின்றன.

மாலையில் இருட்டிவிட்டால் வீட்டில் கேள்வி கேட்பார்கள். உடல் வளரும் பருவத்தில் பிறர் பார்க்க ஓடுவதற்குக் கூச்சம் வந்துவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் என்ன சொல்லி விடுப்புக் கேட்பது என்று தெரிவதில்லை. சிலருக்குச் சிறிது ஓடினாலே மூச்சு வாங்குகிறது. அதைச் சோம்பல் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை உள்ளது.

இவற்றுடன் இன்னொரு காரணமும் உண்டு. அதை எந்த மாணவியும் வாய்திறந்து சொல்வதில்லை. "ஓராண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்தேன், ஒரு முறைகூட என்னை ஆட விடவில்லை" என்னும் மனக்குறைதான் அது. நன்றாக ஆடுபவளை நாம் தேடிப் பிடிக்கிறோம். சுமாராக ஆடுபவள் ஒருநாள் வராமற் போனால் அவளைத் தேடுவோர் இல்லை. அவள் ஓசையின்றி விலகிவிடுகிறாள்.

கைப்பந்து கற்பிக்கும் பாடம்

கைப்பந்தில் களத்தில் ஆடுவோர் ஆறு பேர். பொதுவாக 12 பேர் வரை அணியில் பெயர் பதியலாம். எதிரணி போட்ட பந்தில் நாம் வென்று, பந்து போடும் உரிமை நம்மிடம் வந்தால், ஆறு பேரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். வலையோரம் நிற்பவள் பின்வரிசைக்கு வருவாள். பின்வரிசையில் நிற்பவள் முன்னே போவாள். "நான் உயரமானவள், வலையருகிலேயே நிற்பேன்" என்று ஒருத்தி சொல்ல முடியாது. எல்லா இடத்தின் பொறுப்பையும் எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதை இந்த விளையாட்டு விதியாகவே வைத்திருக்கிறது.

மேலும் ஒவ்வோர் ஆட்டப் பகுதியிலும் ஆறு முறை ஆள் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த ஆறையும் பூட்டி வைத்துவிட்டு, முதல் ஆறு பேரையே கடைசிவரை ஆட வைப்பதால் கோப்பை வேண்டுமானால் கிடைக்கலாம். மற்ற ஆறு பேர் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள். முதல் ஆறு பேர் பள்ளி இறுதி முடித்துச் சென்றதும் அணியே இல்லாமற் போகும்.

ஒருத்தி உயர, உடன் ஓடியவர்கள்

பி.டி. உஷாவை அறியாதார் இலர். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். 1986-இல் சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இவர் எங்கிருந்து வந்தார்? 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 40 சிறுமியருள் உஷாவும் ஒருவர். அவருக்கு அப்போது வயது பன்னிரண்டு. அங்கேதான் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் அவரைக் கண்டார்.

இதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மற்றச் சிறுமியரும் அன்று ஓட வந்திராவிட்டால் அந்தப் பிரிவே நடந்திராது. உடன் ஓட ஆள் இன்றி யாரும் வேகம் பெறுவதில்லை. ஆகவே களத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பன்னிரண்டாவது பெண்ணை அணியின் சுமை என்று எண்ணலாகாது. அவளும் அணியின் ஒரு தூணே.

நாம் செய்ய வேண்டுவன

1. நேரம் தவறாமை. பயிற்சி மாலை 5.15-க்கு முடியும் என்று பெற்றோருக்கு எழுதினால், 5.15-க்கே முடித்துவிட வேண்டும். ஒரே தெருவுக்குச் செல்லும் மாணவியர் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தியுடன் சேர்ந்து செல்லட்டும். போட்டிக்கு வெளியூர் செல்லும் நாட்களைப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிப்போம்.

2. தேர்வுக் காலத்தில் குறைப்போம், நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் முற்றிலும் நின்றவளுக்குத் திரும்பி வரக் கூச்சமாக இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் வந்தாலும் தொடர்பு அறாது. பிளஸ் டூ படிக்கும் வீராங்கனை, பத்தாம் வகுப்பு வீராங்கனைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாமே!

3. காரணம் கேளாத ஓய்வு. உடல் ஒத்துழையாத நாளில் மாணவி எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஓரமாக அமர்ந்து மதிப்பெண் ஏட்டைக் கையில் எடுத்தால் போதும். அந்நாட்களில் விளையாடுவதால் தீங்கு ஏதுமில்லை என்பதையும் சொல்லித் தருவோம். வலி மிகுந்தவள் ஓய்வெடுக்கட்டும். மாதந்தோறும் வலி தாங்க முடியாதவளை மருத்துவரிடம் காட்டச் சொல்வோம்.

4. உணவு. வெறும் வயிற்றுடன் ஓடக் கூடாது. அவித்த சுண்டல், கடலை மிட்டாய், கேழ்வரகு அடை, முருங்கைக் கீரை ஆகியவை நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. அவற்றுடன் நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் விழுங்குவோம்.

5. எல்லோருக்கும் ஆட்டம். பள்ளிக்குள் நடக்கும் இல்லப் போட்டிகளில் பெயர் கொடுத்த ஒவ்வொருத்தியும் ஓர் ஆட்டப் பகுதியாவது ஆட வேண்டும் என்று விதி செய்வோம். இரண்டாம் அணி ஒன்றை அமைத்து, அக்கம் பக்கத்துப் பள்ளிகளுடன் நட்பு ஆட்டங்களுக்கு அதனை அனுப்புவோம். சிறியவர்களுக்கு வலையைத் தாழ்த்திக் கட்டுவோம்.

6. எல்லோருக்கும் பொறுப்பு. கோடு பார்ப்பது, ஊதல் ஊதுவது, மதிப்பெண் எழுதுவது, பந்துகளைக் கணக்கிட்டுப் பூட்டி வைப்பது ஆகிய யாவும் அணியின் வேலைகளே. விதிகளைக் கற்றவள், பின்னாளில் ஆடாவிட்டாலும் நடுவராகவோ பயிற்சியாளராகவோ விளையாட்டோடு இருப்பாள்.

7. இனிய சொல். தவற்றைத் தனியே அழைத்துத் திருத்துவோம்; நல்லதைப் பலர் முன் பாராட்டுவோம். இது ஆசிரியைக்கு மட்டுமன்று, அணித் தலைவிக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புப் பெற்றோரே! மகளின் மதிப்பெண் குறைந்ததும் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டாகத்தான் இருக்கிறது. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் செல்லும் நேரத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். தோல்வியைத் தாங்கவும், தோழியின் வெற்றியில் மகிழவும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிற்கவும் மைதானம் கற்பிக்கிறது. உங்கள் மகள் களத்தில் ஆடும் ஒரு நாளாவது நேரில் வந்து பாருங்கள். அவள் அதை நெடுங்காலம் மறக்கமாட்டாள்.

நிறைவாக

தூரின் நகரில் ஏழைச் சிறுவர்க்காக உழைத்த புனித தொன் போஸ்கோ, பிள்ளைகள் தாராளமாக ஓடவும் குதிக்கவும் ஆரவாரம் செய்யவும் இடம் தரவேண்டும் என்று 1877-இல் தம் கல்வி முறையை விளக்கும்போது எழுதினார். ஆலயமும் வகுப்பறையும் போலவே விளையாட்டுத் திடலும் பிள்ளைகளை உருவாக்கும் இடம் என்பது அவர் கண்ட உண்மை. நல்லாயனோ தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்றார். நம் அணியிலும் அத்தகைய தேடுதல் வேண்டும்.

ஆகவே அன்பு மாணவியரே, நாளை மாலை மைதானத்திற்கு வரும்போது, நேற்று வராமற்போன தோழியின் வகுப்பறை வாயிலில் ஒரு நிமிடம் நின்று, அவளையும் அழைத்து வாருங்கள். கோப்பைகள் வரட்டும், வராமலும் போகட்டும். ஆறாம் வகுப்பில் நம்மோடு ஓடத் தொடங்கியவள் பன்னிரண்டாம் வகுப்பிலும் நம்மோடு ஓடுவாளாயின், அதுவே நம் பள்ளியின் பெரும் வெற்றி. அதற்கு இறையருள் துணை நிற்பதாக!