கழுத்துக் கறுப்பும் வலியாத புண்ணும்

நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணாடியின் முன் நிற்கும்போது முதலில் தேடுவது நரையை. அடுத்துத் தேடுவது முகச் சுருக்கத்தை. பிடரியையும் உள்ளங்காலையும் எவரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆயினும், நடுத்தர வயதில் நம் உடல் நலத்தைப் பற்றி முகத்தைக் காட்டிலும் இவ்விரண்டு இடங்களே மிகுதியாக எடுத்துரைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில், கோயில் மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். கேள்வி நேரத்தில் ஓர் அம்மையார் எழுந்து, "ஐயா, கழுத்தில் படிந்திருக்கும் கறுப்பு போக வழியுண்டா? எலுமிச்சம் பழமும் கடலை மாவும் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை" என்று வினவினார். கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. ஆசிரியர் பயிற்சி பெற்றவனாதலால் எக்கேள்விக்கும் உடனே விடையளிக்கும் பழக்கம் எனக்குண்டு. "இன்னும் சற்று அழுத்தித் தேய்த்துக் குளியுங்கள், அம்மா" என்றேன். என்னருகில் அமர்ந்திருந்த மருத்துவ உதவி அதிகாரி ஒலிபெருக்கியை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அம்மா, அது அழுக்கன்று, தேய்க்க வேண்டாம். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு மருந்தகத்திற்கு வாருங்கள், இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்துவிடுவோம்" என்றார்.

அன்றிரவு வீடு திரும்பியதும் என் கழுத்தைப் பார்க்குமாறு மனைவியிடம் கூறினேன். அங்குக் கறுப்புப் படிந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். மறுவாரம் செய்துகொண்ட சோதனையில் என் சீனியின் அளவு 6.4 என்று வந்தது. வெறும் வயிற்றில் எடுக்கப்படும் சோதனையில் 7.0 அல்லது அதற்கு மேல் இருப்பின் அதனை நீரிழிவு எனக் கொள்வர். நான் அதன் வாசற்படியில் நின்றிருந்தேன். பிறருக்குச் சுகாதாரம் போதிக்கச் சென்றவனின் நிலை இது!

இக்கறுப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். நாம் உண்ணும் மாவுப் பொருளும் இனிப்பும் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சீனியை உடலின் உயிரணுக்களுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின் ஆகும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரச் சேர, உயிரணுக்கள் இன்சுலினின் கட்டளைக்கு எளிதில் பணிவதில்லை. எனவே, கணையம் மேலும் மேலும் அதனைச் சுரக்கிறது. மிகுதியான அந்த இன்சுலின் தோலின் உயிரணுக்களையும் தூண்டிப் பெருகச் செய்வதால், பிடரியிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் தடித்து, கறுத்து, வெல்வெட்டுத் துணியைப் போல் ஆகிவிடுகிறது. பெரும்பாலோர்க்குக் காரணம் இதுவே. சிலருக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கறுப்பு திடீரெனத் தோன்றி விரைந்து பரவினால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. அழுத்தித் தேய்ப்பதால் தோல் புண்பட்டு மேலும் கறுக்கும். உடல் எடை குறைந்தால் அது தானாகவே வெளிறத் தொடங்கும்.

நீரிழிவு நம்மிடையே அரிதான நோயன்று. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு; அஃதாவது ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். இந்தியர்களிடையே இவ்விகிதம் மேலும் அதிகம். அவர்களுள் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்பது கவலைக்குரியது.

இந்நிலையில் கறுப்பைப் போக்கும் களிம்புகளை நாடுவோர் இருமடங்கு ஏமாறுகின்றனர். எச்சரிக்கை அறிவிப்பை மறைத்துவிட்டு நோயை வளர விடுவது ஒன்று. சந்தையிலும் கைத்தொலைபேசி வழியாகவும் விற்கப்படும் சில வெண்மைக் களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பது மற்றொன்று. பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தகைய பொருள்களின் பெயர்களை நமது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது வெளியிட்டு, அவற்றின் விற்பனையைத் தடை செய்து வருகிறது. அழகுப் பொருள் எதுவாயினும் என்.ஓ.டி. என்னும் எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் அதற்குண்டா என்று பாருங்கள். அவ்வெண் இருந்த பொருள்களிலும் சில பின்னர் நீக்கப்பட்டுள்ளன என்பதால், ஐயம் தோன்றினால் மருந்தாளரைக் கேட்பது நலம். அரிப்புக்கும் படைக்கும் பக்கத்து வீட்டார் தரும் களிம்பும் இவ்வாறே. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படையின்மீது பூசினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும். பின்னர்ப் படை இருமடங்காகப் பரவும். அடிக்கடித் திரும்ப வரும் படையும் சீனியைச் சோதிக்க வேண்டியதற்கு ஓர் அறிகுறியே.

இனி வறட்சியைப் பற்றிச் சிறிது. வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய் சுரப்பது குறைகிறது. பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நிற்கும் காலத்தில் இம்மாற்றம் விரைவாகவே தெரியும். பால் உறையச் சேர்க்கும் அமிலமும் உரமும் பட்ட கைகளைத் துணி துவைக்கும் சவர்க்காரத்தால் கழுவுவது நம் தோட்டங்களில் பலரது பழக்கம். அது மிஞ்சியிருக்கும் எண்ணெயையும் உரித்துவிடும். மென்மையான சவர்க்காரம் போதும். குளித்தபின் ஈரம் முற்றும் உலரும் முன்னர்த் தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூசினால் ஈரம் தோலுக்குள் நிற்கும். வெடித்த குதிகாலுக்கு மருந்தகத்தில் யூரியா களிம்பு கிடைக்கும். ஆம், மரத்திற்கு நாம் போடும் உரத்தில் உள்ள அதே யூரியாதான். ஆயினும் உர மூட்டையிலிருந்து எடுத்துப் பூசிவிடாதீர்கள்!

மருந்து தெளிக்கும் தொழிலாளர்களுக்குக் கையிலும் காலிலும் உள்ள வெடிப்பு வெறும் தொல்லையன்று. நஞ்சு நுழையும் வழியாகும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 1.1.2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. புண்பட்ட தோல் வழியாக உடலுக்குள் புகுந்து உயிருக்கே கேடு விளைவிக்க வல்லது அது. இப்போது பயன்படுத்தப்படும் மருந்துகளுக்கும் கையுறை, நீண்ட கைச்சட்டை, காலணி ஆகியவை இன்றியமையாதன.

காலைப் பற்றிச் சொல்லுகையில் என் தந்தையாரை நினையாதிருக்க இயலவில்லை. அவர் இளமையில் பால்மரம் வெட்டியவர். பின்னர்ச் செம்பனைக் குலை வெட்டியவர். 51ஆம் வயதில் ஒரு நாள், செம்பனை முள் ஒன்று காலணியைத் துளைத்துப் பெருவிரலின் அடியில் ஏறியிருந்தது. மாலையில் காலணியைக் கழற்றும்வரை அவர் அதனை அறியவில்லை. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சளைக் குழைத்துக் கட்டினார். "வலிக்கவே இல்லை, இதற்கு மருத்துவமனையா?" என்பது அவருடைய வாதம். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. எட்டாம் நாள் குளிர் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் பெருவிரலும் அதற்கடுத்த விரலும் அகற்றப்பட்டன. அவருக்கு நீரிழிவு உண்டு என்பதை அந்தக் கட்டிலருகில் நின்றபோதுதான் நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

புண் வலிக்காததே அங்கு ஆபத்தின் அடையாளம். நெடுநாள் மிகுந்திருக்கும் சீனி காலின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தக் குழாய்களையும் ஒடுக்கிவிடுகிறது. எனவே, காயம் பட்டது தெரிவதில்லை. பட்ட காயம் எளிதில் ஆறுவதுமில்லை. மேலும், நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகைக் கிருமி சிறு காயம் வழியாகப் புகுந்து மெலியோய்டோசிஸ் என்னும் கொடிய நோயை உண்டாக்குகிறது. அதற்கு மிகுதியாக ஆளாகிறவர்கள் நீரிழிவு உள்ளவர்களே. தோலில் வெளிறிய திட்டு இருந்து, அதில் தொடுவுணர்ச்சி இல்லையெனில் அதையும் தேமல் என்று ஒதுக்காது காட்டுதல் வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் மருந்தால் முற்றும் குணமாகும் நோய் அது.

சோதனைக்குச் செலவு அதிகமன்று. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான். 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின் கீழ், அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறுவோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரும் 40 வயதை எட்டியிருந்தால் இலவசமாக உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பழக்கத்தை மாற்றுவது எளிதன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வகுப்பறையில் ஒரு முறை கண்டிருக்கிறேன்: பத்துப் புதிய பாடங்களை ஒரே நாளில் நடத்தினால் மாணவன் ஒன்றையும் நினைவிற்கொள்வதில்லை. நான் முதலில் விட்டது தேநீரில் ஊற்றும் சீனிப் பாலை மட்டுமே. மூன்று மாதம் கழிந்தபின் இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். அதன்பின் மாலை நடை. கழுத்துக் கறுப்பு இன்னும் முற்றும் போகவில்லை. ஆனால் கடந்த ஆண்டுச் சோதனையில் 5.7 என்று வந்தது.

காலைப் பேணுவதையும் புதியதொரு வேலையாக எண்ணாது, வேலை முடிந்து குளிக்கும் நேரத்தோடு இணைத்துவிடலாம். கால் கழுவும் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்திடுக. மரத்த கால் சூட்டை அறியாது. விரலிடுக்கை நன்கு துடைத்து உலர்த்துக. அங்கு எண்ணெய் வேண்டாம், ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுக. காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுப் பார்த்தபின் அணிக. உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாதவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்; அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் அவ்வேலையை என் தாயார் ஏற்றுக்கொண்டார். மாலைக் குளியல் முடிந்ததும் தந்தையார் திண்ணையில் அமர்ந்து காலை நீட்டுவார். தாயார் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, கைவிளக்கின் ஒளியில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். "குழந்தைக்குப் பார்ப்பதுபோல் பார்க்கிறாயே" என்று அவர் நாள்தோறும் குறைபட்டுக்கொள்வார்; காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டார். அதன்பின் அவர் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். எஞ்சிய எட்டு விரல்களும் இறுதிவரை அவரிடம் இருந்தன.