தண்ணீர் இல்லாத குளத்தில் மீன்கள் இறந்தது ஏன்?

ஒரு குளம். சுற்றிலும் மரங்கள். சற்று மேட்டில் வீடுகளும் புல்தரைகளும். நல்ல கோடைக்காலம். ஜூலை மாத இறுதியில் ஒரு நாள், குளத்திலிருந்த பெரிய மீன்களெல்லாம் செத்துக் கரையோரம் கிடக்கின்றன. என்ன நடந்தது? யாராவது விஷம் கலந்துவிட்டார்களா? நோயா? வெயிலின் கொடுமையா?

இதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஒரு பள்ளி வகுப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. மாணவர்கள் நான்கு நான்கு பேராகப் பிரிந்து புறப்படுகிறார்கள். ஒருவர் நீரைச் சோதிக்கிறார். ஒருவர் மீன்களையும் பறவைகளையும் எண்ணுகிறார். மூன்றாமவர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை ஆராய்கிறார். நான்காமவர் அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்கிறார். ஆனால் ஒருவருடைய காலும் ஈரமாகவில்லை. ஏனென்றால் அந்தக் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. அது கணிப்பொறிக்குள் கட்டப்பட்ட குளம்!

‘ஈக்கோமூவ்’ என்ற பெயருடைய இந்தப் பாடத்தை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கல்வியியல் துறையினர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கினார்கள். தண்ணீர் இல்லாத குளத்திலிருந்து தண்ணீரைப் பற்றி எதைக் கற்க முடியும்? எதைக் கற்க முடியாது? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன?

கதை படிக்கும்போது ஆசிரியர் காட்டிய வழியில் மட்டுமே நாம் போக முடியும். திரைப்படமும் அப்படித்தான். மெய்நிகர் உலகத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். அதே நேரத்தில் வேறு ஊர்களில் உட்கார்ந்திருப்பவர்களும் அங்கே வந்து நம்மோடு பேசலாம், வேலை செய்யலாம். நாம் இல்லாதபோதும் அந்த உலகம் கலையாமல் இருக்கும்.

இப்படிப்பட்ட உலகங்களில் முன்னோடி 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. ராய் ட்ரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் அதை எழுதினார்கள். அதில் படமே கிடையாது. ‘நீ ஒரு பாதையில் நிற்கிறாய்’ என்பது போன்ற வாக்கியங்கள் மட்டும் திரையில் தோன்றும். படங்களுடன் கூடிய உலகங்கள் பிறகு வந்தன. அவற்றில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்தை ‘அவதார்’ என்கிறார்கள். ‘அவதாரம்’ என்று நாம் வழங்குகிறோமே, அதே வடசொல்தான் அது!

குளத்தில் துப்பறிதல்

நம் மீன்களிடம் திரும்புவோம். மீன்கள் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை. அது எவ்வளவு இருக்கும் தெரியுமா? 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக, கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டால் பல வகை மீன்கள் தாக்குப்பிடிப்பதில்லை.

மீன்கள் செத்த நாளில் நீரைச் சோதிக்கும் மாணவர், ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருப்பதைக் காண்கிறார். சரி, அது ஏன் குறைந்தது? அன்றைய தினத்தை மட்டும் எவ்வளவு துருவினாலும் விடை கிடைக்காது. அதற்காகத்தான் இந்தக் குளத்தில் நாட்காட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டால் சில வாரங்களுக்கு முந்தைய ஒரு நாளுக்குப் போய், அன்றைய நீரையும் சோதித்துப் பார்க்கலாம்.

இப்போது முடிச்சு அவிழ்கிறது. மேட்டிலிருந்த புல்தரைகளுக்கு உரம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்து, அந்த உரத்தைக் குளத்துக்கு அடித்து வந்திருக்கிறது. உரத்திலுள்ள பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் புல்லுக்கு மட்டுமா உணவு? பாசிக்கும் உணவுதானே! பாசி மளமளவென்று பெருகி, நீர் பச்சையாகிறது.

இங்கே பல மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ‘பாசியும் தாவரம் போன்றது, ஒளிச்சேர்க்கையில் ஆக்ஸிஜனை வெளிவிடும், ஆகவே பாசி பெருகினால் மீன்களுக்கு நல்லதுதானே?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாசி வெளிச்சத்தில்தான் ஆக்ஸிஜனைத் தரும். அது சுவாசிப்பதோ இரவும் பகலும். மேலும், பாசி என்றென்றும் வாழ்வதில்லை. கோடிக்கணக்கில் மடிந்து நீரில் மூழ்கும்போது, அதை மக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவையும் ஆக்ஸிஜனைச் செலவிடுகின்றன. காற்று வீசி அலையடித்தால் மேற்பரப்பின் வழியே புது ஆக்ஸிஜன் கரையும். காற்றும் ஓய்ந்து, வெப்பமும் ஏறி, வானமும் மூடிக்கொண்டால்? வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் வீட்டின் கதைதான்!

குற்றவாளி ஒருவரல்ல, ஒரு சங்கிலி. அதன் முதல் கண்ணி வாரக்கணக்கில் முன்னாலும், குளத்துக்கு வெளியே தொலைவிலும் இருக்கிறது. உண்மையான குளத்தில் இதைக் காண ஒரு கோடை முழுவதும் தவறாமல் போய்வர வேண்டும். இங்கே சில வகுப்புகளிலேயே அந்தக் கோடையை முன்னும் பின்னுமாக நடந்து பார்த்துவிடலாம். தொலைவிலும் காலத்திலும் மறைந்திருக்கும் காரணத்தைக் கண்முன் கொண்டுவருவதே இத்தகைய உலகத்தின் முதற்பயன்.

நோயுற்ற நகரம்

இதற்கு முன்பே, கிறிஸ் டீட் என்ற கல்வியியல் அறிஞரின் குழு ‘ரிவர் சிட்டி’ என்ற நகரம் ஒன்றைக் கட்டியிருந்தது. அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அமெரிக்க ஆற்றங்கரை நகரம். அங்கே மக்கள் நோயால் வாடுகிறார்கள். மாணவர்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். ஆற்று நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். கொசுக்களைப் பிடித்து எண்ணுகிறார்கள். பருவத்துக்குப் பருவம் என்ன மாறுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். நீரால் பரவும் நோய், காற்றால் பரவும் நோய், பூச்சியால் பரவும் நோய் என மூன்று நோய்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது மெல்ல மெல்லத் தெரிய வருகிறது.

பிறகுதான் முக்கியமான கட்டம். ‘கொசு பெருகும் சதுப்பு நிலத்தைச் சீர்செய்தால் காய்ச்சல் குறையும்’ என்று ஒரு குழு கருதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இரண்டு நகரங்கள் தரப்படுகின்றன. ஒன்றில் அந்த மாற்றம் மட்டும் செய்யப்பட்டிருக்கும். மற்றதில் எதுவுமே மாறியிருக்காது. இரண்டிலும் நோயாளிகளை எண்ணி ஒப்பிட்டு, முடிவை நகரத் தலைவருக்குக் கடிதமாக எழுத வேண்டும்.

இதைத்தான் அறிவியலில் ‘கட்டுப்படுத்திய சோதனை’ என்கிறோம். உண்மையான ஊரில் இதைச் செய்ய முடியுமா? பாதி ஊருக்கு நல்ல நீரும் பாதி ஊருக்குக் கெட்ட நீரும் கொடுத்து வேடிக்கை பார்க்க முடியாதல்லவா? செய்யக்கூடாத சோதனையை யாருக்கும் தீங்கின்றிச் செய்து பார்ப்பது இரண்டாவது பயன்.

போக முடியாத இடங்கள்

மூன்றாவது பயன், போக முடியாத இடத்துக்குப் போவது. 2003-இல் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் கல்வி நிறுவனங்கள் பல தமக்கென இடம் அமைத்தன. டெக்ஸாஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் அமைத்த மரபியல் தீவில், மெண்டல் செய்த பட்டாணிச் செடிச் சோதனைகளைச் செய்து பார்க்க முடிந்தது. விண்வெளிப் பயண அருங்காட்சியகம் ஒன்றில் ராக்கெட்டுகள் வரிசையாக நின்றன. அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் அமைத்த தீவில், கரையில் நின்றபடியே சுனாமி வருவதைக் காண முடிந்தது.

சுனாமியைப் பாடமாகப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். சுனாமியின் அறிகுறிகளைச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன்தான் புவியியல் வகுப்பில் படித்திருந்தாள். அவள் கூச்சலிட்டு எச்சரித்ததால் அந்தக் கடற்கரையிலிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். வகுப்பறையில் கண்டது கரையில் நினைவுக்கு வந்தது!

யாரும் திட்டமிடாத கொள்ளைநோய்

2005 செப்டம்பரில் விசித்திரமான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டு உலகத்தில், தொலைவிலுள்ள ஒரு கோயிலில் வாழும் அரக்கனோடு போரிடுவோரை ஒரு தொற்று தாக்கும். அது அந்தக் கோயிலுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பது விளையாட்டை எழுதியவர்களின் எண்ணம். ஆனால் வீரர்களின் வளர்ப்பு விலங்குகளோடு தொற்றும் வெளியேறி, நகரங்களுக்கு வந்துவிட்டது. வலிமை குறைந்த அவதாரங்கள் உடனே மடிந்தன. கணிப்பொறியே இயக்கும் கடைக்காரர்கள் போன்ற பாத்திரங்களோ நோயைத் தாங்கிக்கொண்டு, சாகாமலே பிறருக்குப் பரப்பினார்கள்.

சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலர் நோயாளிகளைக் குணப்படுத்த முயன்றார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். இன்னும் சிலர், ‘என்னதான் நடக்கிறது, பார்த்துவிட்டு வருவோமே’ என்று போய், நோயோடு திரும்பினார்கள்! நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் முயற்சி தோற்றது. கடைசியில் நிறுவனமே அந்த உலகத்தைத் திருத்தி நோயை நீக்க வேண்டியதாயிற்று.

எரிக் லோஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் இதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். நோய் பொய்யானாலும் மனிதர்கள் நடந்துகொண்ட விதம் மெய்யல்லவா? வேடிக்கை பார்க்கப் போகிறவர்களைக் கணக்கில் சேர்க்காத எந்தக் கணிதமும் முழுமையாகாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

எதை நம்பலாம்? எதை நம்பக்கூடாது?

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை தேவை. உண்மைக் குளத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால், அது இயற்கையின் விதியால் குறைகிறது. கணிப்பொறிக் குளத்தில் குறைந்தால், ‘குறைக’ என்று ஒருவர் எழுதி வைத்ததால் குறைகிறது. எழுதியவருக்குத் தெரிந்தது மட்டுமே அங்கே நடக்கும். அவர் தவளையை மறந்திருந்தால் அக்குளத்தில் தவளை இல்லை. அவர் தவறாகக் கருதியிருந்தால், அந்தத் தவறே அவ்வுலகத்தின் விதி. ஆயிரம் முறை சோதனை செய்தாலும் அங்கே அது தவறென்று தெரியாது. வெளியே வந்து உண்மையான குளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஆகவே இத்தகைய உலகம் எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதன் விதிகளை எழுதியவர் யார்? எதை விட்டுவிட்டார்? அவ்விதி சரியென்று எந்த அளவீடு காட்டுகிறது? மாணவர்கள் கற்கும் சிந்தனை முறை மெய். அந்தக் குளத்து எண்களோ ஒருவர் கொடுத்தவை. இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

வகுப்பில் பயன்படுத்தும்போது, உள்ளே போகுமுன் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். பார்த்ததை அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். கணிப்பொறி ஒன்றே இருந்தால் ஒருவர் இயக்கலாம், மற்றவர்கள் வழி சொல்லலாம், பதிவு செய்யலாம். முன்பின் அறியாதவர்கள் நுழையக்கூடிய உலகமானால் சொந்தப் பெயர், முகவரி, பள்ளியின் பெயர் எதையும் சொல்லக்கூடாது. ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லையா? கவலை வேண்டாம்; காகிதத்திலேயே ஓர் உலகம் படைக்கலாம். தேவையானவை: கட்டம் போட்ட தாள், புளியங்கொட்டைகள், சிறு கற்கள், பொத்தான்கள், ஒரு லூடோ பகடை.

1. பக்கத்துக்கு 6 வீதம் 36 கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு மனிதர். மூன்றாம் வரிசையில் மூன்றாம் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். அவரே முதல் நோயாளி.

2. நோயாளியின் மேலே, கீழே, இடம், வலம் உள்ள நலமான ஒவ்வொருவருக்காகவும் ஒருமுறை பகடை உருட்டுங்கள். 1, 2, 3, 4 விழுந்தால் அவருக்கும் நோய். அங்கே கொட்டை வையுங்கள். 5, 6 விழுந்தால் தப்பினார்.

3. அன்று தொடக்கத்திலிருந்த நோயாளிகள் எல்லோருக்கும் உருட்டி முடித்ததும் அவர்கள் குணமடைவார்கள். கொட்டையை எடுத்துவிட்டுக் கல் வையுங்கள். அவர்களுக்கு நோய் மறுபடி வராது. இது ஒரு நாள். கொட்டையே இல்லாமற்போகும் வரை இப்படியே தொடருங்கள். கற்களை எண்ணினால் நோயுற்றவர்களின் தொகை கிடைக்கும்.

4. இப்போது இரண்டாம் உலகம். தொடங்குமுன் 12 பேருக்குத் தடுப்பூசி போடுங்கள். பகடையை இருமுறை உருட்டி, முதல் எண்ணை வரிசையாகவும் அடுத்ததைக் கட்டமாகவும் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள். முதல் நோயாளியின் கட்டமோ, முன்பே தேர்ந்த கட்டமோ வந்தால் மீண்டும் உருட்டுங்கள். அந்த 12 கட்டங்களிலும் பொத்தான் வையுங்கள். அவர்களுக்கு நோய் வராது.

ஒருமுறை செய்து முடிவு கட்டிவிடாதீர்கள். பகடை ஆளுக்கொரு விதமாக விழும். ஒவ்வோர் உலகத்தையும் 10 முறை நடத்திச் சராசரி காணுங்கள். தடுப்பூசி போடாதவர்களிலும் பலர் தப்பியிருப்பார்கள். அது எப்படி?

அடுத்து, விதியை மாற்றுங்கள். நாள்தோறும் ஒரு நோயாளி பேருந்தில் ஏறிப் பகடை காட்டும் ஏதோ ஒரு கட்டத்துக்குப் போய்வருகிறார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருப்பவர் நலமானவராக இருந்தால் அவருக்காகவும் ஒருமுறை உருட்டுங்கள். உங்கள் முந்தைய சராசரி நிலைக்கிறதா, மாறுகிறதா? முதல் உலகத்தில் பேருந்தே இல்லை என்பதை அப்போது கவனித்தீர்களா?

அந்த உலகத்தின் விதிகளை எழுதியவர்கள் நீங்களே. உங்கள் ஊரில் நோய் உண்மையில் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஏற்ப அந்த விதிகளில் இன்னும் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்? பட்டியல் போட்டு, உங்கள் அறிவியல் ஆசிரியரோடு விவாதியுங்கள்.