ஏரோதும் வரும் பண்டிகை

அன்புள்ள வாசகருக்கு,

கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அத்தனை பேர் செத்த 2024ஆம் வருஷம், நட்சத்திரம் கட்டி மணியடித்து கிறிஸ்துமஸ் கொண்டாட உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டிருந்தீர்கள். கோபத்தில் எழுதிய கேள்வி என்பது தெரிகிறது. ஆனாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

டிசம்பர் பிறந்தாலே எங்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கிறீர்கள். ஜவுளிக்கடைக்கும் பேக்கரிக்கும் அப்படித்தான். கோயிலுக்குள் கதை வேறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம். சாமியார் ஊதா உடையில் பூசை வைப்பார். அந்த ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாட மாட்டோம். அது 24ஆம் தேதி இரவுக்காகக் காத்திருக்கும். வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி கூடும். குடிலில் வைக்கோல் பரப்பி, மாடு, கழுதை, சூசையப்பர், மாதா எல்லாரையும் வைத்த பிறகும் நடுவில் குழந்தை இயேசுவுக்கான ஒரு சாண் இடம் காலியாகக் கிடக்கும். குழந்தைகள் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் வரலையா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

2024இல் அந்தக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1. கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில், உலகம் முழுக்க ஒன்றாகவே வரும். கள்ளக்குறிச்சிக்கென்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அன்று வந்தது லூக்கா 21ஆம் அதிகாரம். கடலின் இரைச்சலைக் கேட்டு மக்கள் கலங்கிப்போவார்கள் என்று இயேசு சொல்கிற இடம். முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. மறுநாள் விடிவதற்குள் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை பெருக்கெடுத்துவிட்டது.

அதே வாசகம் கொஞ்ச தூரம் போனதும் குடிக்கு வருகிறது. கும்மாளமும் குடியும் பிழைப்புக் கவலையும் உங்கள் நெஞ்சை மந்தமாக்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கிறது. எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் செத்து ஐந்தரை மாதம்தான் ஆகியிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள், பெண்கள் உட்பட. அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். அது கண்ணைப் பிடிக்கும். தப்பியவர்களிலும் பார்வை போனவர்கள் உண்டு. வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்த ஞாயிற்றுக்குச் சில நாள் முன்பு, நவம்பர் 20 அன்று.

இந்த வசனத்தைக் கையில் எடுத்துச் செத்தவர்களை ஏசுவது ரொம்ப சுலபம். குடிக்காதே என்று சொல்லிவிட்டு பூசையை முடித்து வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாக்கியம் ‘உங்கள்’ நெஞ்சு என்கிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைச் சொல்கிறது. குடியையும் பிழைப்புக் கவலையையும் ஒரே மூச்சில் சேர்த்தும் சொல்கிறது. மூட்டை தூக்கி, சாக்கடை அள்ளி, உடம்பு வலிக்கு டாஸ்மாக்கைவிட மலிவாக எது கிடைக்குமோ அதை வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதானே? வட்டியையும் வரன் செலவையும் மனசுக்குள் கணக்குப் போட்டபடி பெஞ்சில் இருந்த எனக்குத்தான் மூன்றாவது வார்த்தையான ‘பிழைப்புக் கவலை’.

எங்கள் மந்தத்துக்குச் சாராயம்கூடத் தேவைப்பட்டதில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரைக் கேட்டுப் பாருங்கள். ஒரே திருச்சபை, ஒரே மாதா. ஆனால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பாதை தனி, பாடை வண்டி தனி, கல்லறை தனி என்று இருந்தது. தங்களுக்கென்று தனிப் பங்குக் கோயில் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரமாகி, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கல்லறையிலிருந்து லாசர் எழுந்து வரும் வாசகம் அன்றைக்கு. எந்தக் கல்லறையிலிருந்து என்று எறையூரில் யாராவது கேட்டிருந்தால் நியாயம்தான்.

மறுபடி 2024 திருவருகைக் காலத்துக்கு வருகிறேன். அதன் நான்காம் ஞாயிறு, டிசம்பர் 22, கொஞ்சம் ஆறுதலானது. அன்றைய வாசகத்தில் கருவுற்ற மரியாள் உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்து போகிறாள். மலை என்றால் எங்களுக்குக் கல்வராயன்தான். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறுகிற பாதைதான் என் கண்ணில் வந்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. சாராய ஊறல் தேடி அங்கே போலீஸ் ஏறியதுண்டு. கர்ப்பிணிக்காக அப்படி யார் விரைந்து ஏறினார்கள்? கருணாபுரத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில்தான் அந்த மலைமக்களின் வாழ்நிலையை உயர் நீதிமன்றம் தாமாக வழக்காக எடுத்தது. சாலையும் பேருந்தும் ஆஸ்பத்திரியும் அந்த வழக்கில் பேச்சாயின. மரியாளுக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனசு வந்தது. நட்சத்திரம் கட்டினோம், மணியும் அடித்தோம். சாவு இல்லாத வருஷமாகப் பார்த்துத்தான் கொண்டாடுவது என்றால் முதல் கிறிஸ்துமஸே நடந்திருக்காது. பெத்லகேமில் ஆண் குழந்தைகளைக் கொல்ல ஏரோது மன்னன் ஆளனுப்பியதும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது. அந்தக் குழந்தைகளுக்கென்று ஒரு திருநாள் உண்டு, டிசம்பர் 28. வீட்டில் கேக் தீர்ந்திருக்காது, குடிலும் கலைந்திருக்காது; அதற்குள் ஏரோது வந்துவிடுவான்.

எங்கள் பண்டிகையைப் பார்க்க வருவதானால் அன்றைக்கு வாருங்கள். 25ஆம் தேதி கூட்டத்தில் நின்று பேச முடியாது. 28ஆம் தேதி பூசைக்குப் பத்திருபது பேர்தான் இருப்போம். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே மீதிச் சண்டையைப் போடலாம்.

அன்புடன்,
கள்ளக்குறிச்சியிலிருந்து